ஒடியல் கூழ்: காய்ச்சுவதும் குடிப்பதும்

வியட்நாம் மக்களின் ‘ஃபோ’ என்ற நூடில்ஸ் சூப் இன்று உலகம் அறிந்த உணவு. 1954இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே போனவர்களும், 1975க்குப் பின் படகேறிய அகதிகளும் அதைத் தங்களோடு கொண்டுபோனார்கள். எங்களோடு வந்தது ஒடியல் கூழ். ஃபோ ஆளுக்கொரு கிண்ணம். கூழோ எல்லோருக்கும் ஒரே பானை. தனி ஒருவருக்காகக் கூழ் காய்ச்சியதை உடுப்பிட்டியில் நான் கண்டதில்லை.

பனம் விதையைப் பாத்தியில் புதைத்துக் கிண்டி எடுப்பது பனங்கிழங்கு. அதைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது ஒடியல் மா.

எட்டுப் பேருக்கு அரைக் கிலோ மா போதும். முதலில் அதைத் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்து ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால்தான் கைப்புப் போகும். அவசரப்படுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி சிவப்புப் பச்சையரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் போடுங்கள். அவை பாதி வெந்தபின் மீன் தலை, நண்டு, இறால். எங்களுக்கு வல்வெட்டித்துறைக் கடல் பக்கத்தில் இருப்பதால் மீனுக்குக் குறையில்லை. எல்லாம் வெந்ததும் அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், உப்பு, கரைத்த பழப்புளி, ஊறிய மா ஆகியவற்றைச் சேர்த்து அடிப்பிடிக்காமல் துழாவுங்கள். கடைசியில் முருங்கை இலை.

பனையோலைப் பிளாவில் வார்த்துச் சுடச்சுடக் குடிக்க வேண்டும். உறைத்தால் ஒரு தேங்காய்ச் சொட்டைக் கடியுங்கள். நண்டைக் கையால் எடுத்து உறிஞ்சுவதில் வெட்கம் வேண்டாம். சிறுபிள்ளைகளுக்கு முள் பார்த்து வடித்துக் கொடுங்கள்.

பொருளாதாரத் தடையும் மீன்பிடித் தடையும் இருந்த தொண்ணூறுகளில் மீனில்லாக் கூழும் குடித்தோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெறுமையானபோது, வடமராட்சிக்கு வந்தவர்களில் ஒரு குடும்பம் எங்கள் வீட்டில் தங்கியது. சோறு எல்லோருக்கும் காணாது. அம்மா முருங்கை இலையும் மரவள்ளியும் போட்டுக் கூழ் காய்ச்சினார். பின்னேரம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அம்மா பானையில் தண்ணீர் விட்டு, ஒரு பிடி மா கரைத்து ஊற்றினார். ஒருவரும் பசியோடு படுக்கவில்லை.

அந்த மா இப்போது முன்போல் கிடைப்பதில்லை. காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் தறித்த பனைகள் கொஞ்சமல்ல. புதிதாக நட்ட பனை காய்க்க 12 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகையால் ஊரில் காணி உள்ளவர்கள் வேலியோரம் நாலு விதையாவது ஊன்றுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தமிழ்க் கடைகளில் மா பக்கெற் கிடைக்கும். கோதுமை மா சேர்த்தால் கூழ் தடிக்கும், ஆனால் ஒடியலின் மணம் வராது. பிளா இல்லாவிட்டால் கோப்பை போதும். மாவை ஊறப் போடும்போதே நாலு பேருக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.