குடிக்காதவருக்கும் ஈரல் ஏன் சுருங்குகிறது?

"ஒரு சொட்டும் குடிக்காத மனிசனுக்கு எப்படி ஈரல் சுருங்கினது?" மையித்து வீட்டு வாசலிலேயே நம்மவர்கள் இப்படிக் குசுகுசுப்பதுண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்தே நோயை மறைத்து, முற்றிய பிறகு கிளினிக் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஈரல் தழும்பு எப்படி உண்டாகிறது என்று கண்டுபிடித்த வரலாற்றை அறிந்தால் இப்படிக் கேட்கமாட்டோம்.

1819இல் "சிரோசிஸ்" என்று பெயர் வைத்தவர், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே பிரெஞ்சு வைத்தியர் லென்னக். முடிச்சு முடிச்சான அந்த ஈரலின் மஞ்சள் பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஆக, பெயரில் நிறம்தான் இருக்கிறது, மது இல்லை.

1876இல் ஜேர்மனியின் குப்ஃபர் ஈரலில் நட்சத்திர வடிவக் கலங்களைக் கண்டார். பிற்காலத்தில் அவரே அவற்றை வேறொரு கலத்தோடு குழப்பிக்கொண்டார். அந்த வேறு கலத்துக்குத்தான் இன்றும் அவருடைய பெயர்! (வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.) 1971இல்தான் ஜப்பானின் கென்ஜிரோ வேக் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். விற்றமின் ஏ சேமிக்கும் சாதுவான கலங்கள் அவை. ஆனால் தழும்பின் நாரான கொலாஜனை உண்டாக்குவதும் அவைதான் என்று 1985இல் அமெரிக்காவில் ஸ்கொட் ஃபிரீட்மனும் சகாக்களும் எலி ஈரலில் காட்டினார்கள்.

சாதுவான கலத்தை மாற்றுவது எது? வளர்ச்சிக் காரணிகள். அதாவது, கலத்துக்குக் கலம் செய்தி கொண்டுபோகும் புரதங்கள். அவற்றுள் முக்கியமான டிஜிஎஃப்-பீட்டாவை அனிட்டா ரொபர்ட்ஸும் மைக்கல் ஸ்போர்னும் புற்றுநோய் ஆய்வில்தான் சந்தித்தார்கள். 1986இல் பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தோலுக்கடியில் அதை ஏற்றியபோது, சில நாட்களிலேயே அங்கே நார்த்திசு வளர்ந்தது. ஈரல் காயப்பட்டாலும் இதுதான் நடக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா நட்சத்திரக் கலங்களைக் கொலாஜன் உண்டாக்க வைக்கிறது; பிடிஜிஎஃப் என்ற இன்னொன்று அவற்றைப் பெருக்குகிறது. காயத்தை ஆற்றும் வேலைதான் இது. காயம் ஓயாவிட்டால் இந்த வேலையும் ஓயாது.

காயப்படுத்தியது மதுவா, ஹெப்படைடிஸ் வைரஸா, கொழுப்பா என்று இந்தக் காரணிகள் பார்ப்பதில்லை. குடிப்பழக்கம் இல்லாத 20 பேரின் ஈரலில் குடிப்பவர்களுடையது போன்ற சேதத்தைக் கண்டு, மேயோ கிளினிக்கின் லுட்விக் அதற்குத் தனிப்பெயர் வைத்தது 1980இல். நமது நாட்டிலும் ராகமவில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மது சாராத ஈரல் கொழுப்பு இருந்தது. எல்லோருக்கும் அது தழும்பாவதில்லை. சீனி வருத்தமும் பருமனும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

டிஜிஎஃப்-பீட்டாவையே நிறுத்திவிட்டால் என்ன? 1992இல் அது இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகள் சில வாரங்களில் உடலெங்கும் அழற்சி கண்டு செத்தன. ஆகவே நிறுத்த வேண்டியது காயத்தை. 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஹெப்படைடிஸ் பி-யால் சிரோசிஸ் கண்டிருந்த 96 பேர் டெனோஃபோவிர் மருந்தை 5 ஆண்டுகள் எடுத்திருந்தார்கள். திரும்பப் பரிசோதித்தபோது 71 பேருக்கு சிரோசிஸ் இருக்கவில்லை.