கிரியாட்டினினிலிருந்து வடிதிறன் வரை: சிறுநீரக மதிப்பீட்டு வாய்பாடுகளின் வரலாறும் நம் உடல்வாகும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951 நவம்பரில் தொடங்கப்பட்டபோது கன்னியாகுமரி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956-இல் மாநில எல்லை மாறியது. நோயாளிகளின் வழி மாறவில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து மக்கள் பலர் இன்றும் அந்த வளாகத்துக்கே வருகிறார்கள். 1976 முதல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும், 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையமும் அங்கேயே இயங்குகின்றன. ஆஞ்சியோகிராமுக்கு முன்பும், பல மருந்துகளின் அளவை முடிவுசெய்யும் முன்பும் மருத்துவர்கள் கேட்பது இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்பதைத்தான். அதிலிருந்து சிறுநீரகத்தின் வடிதிறனைக் கணிக்கும் வாய்பாடுகள் எந்த மக்களை அளந்து உருவானவை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் கிரியாட்டினின் செம்மஞ்சள் நிறம் தரும் என்று 1886-இல் மாக்ஸ் யாஃபே கண்டறிந்தார். இன்றும் எண்ணற்ற லேப்களில் அந்த வினையே பயன்படுகிறது. 1926-இல் டென்மார்க்கின் ரேபெர்க் கிரியாட்டினினைக் கொண்டு வடிதிறனை அளக்கலாம் எனக் காட்டினார். ஆனால் அதற்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சொட்டு விடாமல் சேகரிக்க வேண்டும். புறநோயாளிகளிடம் அது அரிதாகவே சரியாக நடக்கும். இரத்தப் பரிசோதனை ஒன்றே போதும் என்ற வாய்ப்பை 1976-இல் காக்ராஃப்ட்டும் கால்ட்டும் தந்தார்கள். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். அவர்கள் ஆராய்ந்த 249 பேரும் கனடா நாட்டு நோயாளிகள், ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு 15 விழுக்காடு குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

1999-இல் லெவி குழுவினர் 1,628 அமெரிக்கச் சிறுநீரக நோயாளிகளைக் கொண்டு எம்.டி.ஆர்.டி. வாய்பாட்டை அமைத்தனர். 2009-இல் சி.கே.டி.–எபி வாய்பாடு வந்தது. இரண்டிலும் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெருக்கெண் இருந்தது. 2021-இல் திருத்திய சி.கே.டி.–எபி வாய்பாட்டில் அது நீக்கப்பட்டது. நியாயமான திருத்தம்தான். ஆனால் தெற்காசிய உடல்களைப் பற்றிய கேள்விக்கு அது விடையல்ல.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 70 வயதுப் பெண், எடை 42 கிலோ, உயரம் 150 செ.மீ., கிரியாட்டினின் 1.0. அந்த எண்ணைப் பார்ப்பவர் பயப்பட மாட்டார். 2021 வாய்பாடு நிமிடத்துக்கு 61 மில்லி என்கிறது. அது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கான மதிப்பு. 1920-களில் 25 வயது அமெரிக்கர்களின் சராசரியாக எடுக்கப்பட்ட அளவு அது. இந்தப் பெண்ணின் உடற்பரப்போ ஏறத்தாழ 1.32. அதற்கேற்ப மாற்றினால் 46. காக்ராஃப்ட்–கால்ட் முறையில் 35. கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் அளவை 1989-இல் கால்வெர்ட் வகுத்த விதிப்படி கணக்கிட்டால், இரத்தத்தில் மருந்தின் இலக்கு (ஏ.யு.சி.) 5 எனில், வடிதிறன் 35-க்கு 300 மில்லிகிராம். 61 என்ற எண்ணை அப்படியே போட்டால் 430. அந்த 130 மில்லிகிராம் எலும்பு மஜ்ஜையின் மீது இறங்கும் சுமை.

தசை குறைந்த உடலிலும் இறைச்சி குறைந்த உணவிலும் கிரியாட்டினின் குறைவாகவே உருவாகிறது. அதனால் பழுதுபட்ட சிறுநீரகமும் இரத்தப் பரிசோதனையில் நல்லதுபோலத் தெரியும். சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் இன்யூலின் முறையில் நேரடியாக அளந்து, புழக்கத்திலுள்ள கிரியாட்டினின் வாய்பாடுகள் இந்தியர்களின் வடிதிறனை மிகைப்படுத்துகின்றன என்று 2018-இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 2014-இல், பாகிஸ்தான் மக்களுக்கெனத் திருத்திய வாய்பாடு வெளிவந்திருந்தது. வட இந்தியரையும் பாகிஸ்தானியரையும் அளந்த எண்களைக் கேரளத்துக்கும் குமரிக்கும் அப்படியே பொருத்துவதும் சரியாகாது என்பது என் கருத்து. இங்கே மீன் உணவு வேறு, உடல்வாகு வேறு.

தசையை அதிகம் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையையும் சேர்த்துக் கணிக்குமாறு கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அதன் விலை கிரியாட்டினினைவிடக் கூடுதல். எல்லோருக்கும் இப்போதே செய்ய இயலாது. செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: லேப் சீட்டில் உயரத்தையும் எடையையும் எழுதுங்கள். மெலிந்த முதியவருக்கு மருந்தின் அளவை முடிவுசெய்யும்போது, ரிப்போர்ட்டில் அச்சான எண்ணை அவருடைய உடற்பரப்புக்கு மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.