ஒட்டலைன்னா உயிர் போச்சு! பாறையில் துள்ளும் குட்டிப் பூச்சி

பிரிட்டன் கடற்கரைப் பாறைகள்ல ராத்திரி டார்ச் அடிச்சா, சட்டுனு ஒண்ணு துள்ளும். பேர், ஜம்பிங் பிரிஸ்டில்டெயில். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர், பின்னால் மூன்று வால். நம்ம புத்தக அலமாரியில் ஓடும் ராமபாணப் பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம்.

இறக்கை கிடையாது. முன்னோருக்கும் இருந்ததில்லை; பூச்சிகளுக்கு இறக்கை முளைக்கும் முன்பே பிரிந்த வம்சம் இது. வயிற்றைத் தரையில் படார்னு அடித்துத்தான் எகிறும்.

பெரும்பாலான பூச்சிகள் வளர்ந்தபின் தோலுரிப்பதில்லை. இதுவோ ஆயுசு முழுக்க உரிக்கும். ஒவ்வொரு முறையும் முதலில் உடம்பைப் பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பசை? பல நேரம் அதோட கழிவேதான் (சாப்பிடும்போது படிக்கிறவங்க மன்னிக்க). சரியா ஒட்டலைன்னா, பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கிட்டு செத்துப்போகும்.