கல்லைக் கொடுத்துக் கல்லை வாங்கிய ஊர்

வேல்ஸ் நாட்டு வரைபடத்தோட வடமேற்குப் பக்கம் கொஞ்சம் பாருங்க. ஒரு ஆற்றுக் கழிமுகத்தின் குறுக்கே கோடு கிழிச்ச மாதிரி ஒரு கரை தெரியும். அதன் ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர்தான் போர்த்மடாக். 1800-ல் இப்படி ஒரு துறைமுகமே கிடையாது. வெறும் மணலும் சேறும்தான்.

வில்லியம் மடாக்ஸ்னு ஒரு எம்.பி. கழிமுகத்தை அடைச்சு விளைநிலமாக்கணும், கரை மேலேயே அயர்லாந்துக்குப் போற சாலையைக் கொண்டு வரணும்னு அவருக்கு ஆசை. சுமார் ஒரு மைல் நீளக் கரை 1811-ல் முடிஞ்சது. 1812-லேயே புயல் வந்து உடைச்சிடுச்சு! மனுஷன் ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தார். பணம் திரட்ட ஷெல்லிகூட (ஆமாங்க, கவிஞர் ஷெல்லியேதான்) உதவினார். 1814-ல் திரும்ப அடைச்சாங்க.

இங்கேதான் திருப்பம். வழி மாத்திவிட்ட கிளாஸ்லின் ஆறு, புதுப் பாதையில் மணலை அரிச்சு அரிச்சு ஆழமாக்கிடுச்சு. கப்பல் வந்து நிக்கிற அளவுக்கு ஆழம்! எங்க மென்பொருள் பாஷையில் சொன்னா, இது 'சைடு எஃபெக்ட்'. 1821-ல் நாடாளுமன்ற அனுமதி வாங்கித் துறைமுகம் கட்டினாங்க.

சரக்கு? சிலேட்டுக் கல். மலைமேல் பிளைனாய் ஃபெஸ்டினியாக் குவாரிகளில் வெட்டி, கூரை வேய அனுப்பினாங்க. 1836-ல் குறுகிய ரயில்பாதை வந்தது. சுமை வண்டிகள் சரிவில் தானாவே உருண்டு வரும். காலி வண்டிகளை மேலே இழுக்க வேண்டிய குதிரைகள், இறங்கும்போது அதே ரயிலில் ஒரு பெட்டியில் ஜாலியா நின்னுட்டு வரும் :-) 1863-ல்தான் நீராவி எஞ்சின் வந்தது.

1842-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தீயில் எரிஞ்சது. திரும்பக் கட்ட இங்கிருந்து கூரைக்கல் போச்சு. 1873-ல் ஏற்றுமதி 1,16,000 டன்னைத் தாண்டியது. திரும்பி வந்த கப்பல்கள் கவிழாம இருக்க அடியில் கல்லும் மண்ணும் ரொப்பிட்டு வந்து இங்கே கொட்டினதில், துறைமுகத்துக்கு எதிரே ஒரு தீவே உருவாயிடுச்சு!

ஆனா ஒரே சரக்கு, ஜெர்மனி ஒரு முக்கியமான வாடிக்கையாளர். 1914-ல் உலகப்போர் வந்ததும் ஜெர்மனி வியாபாரம் நின்னது. உள்ளூரில் கட்டின கடைசிப் பெரிய கப்பலான 'கெஸ்டியானா' 1913-ல் முதல் பயணத்திலேயே தொலைஞ்சிருந்தது. 1946-ல் ரயிலும் நின்னுபோச்சு.

அப்புறம் தன்னார்வலர்கள் துருப்பிடிச்ச தண்டவாளத்தைக் கையில் எடுத்தாங்க. 1955-ல் முதல்ல அந்தக் கரை மேல ரயில் ஓடுச்சு. பிளைனாய் வரை திரும்பப் போய்ச் சேர 1982 ஆச்சு. 2021-ல் யுனெஸ்கோ இந்த சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. லாபத்துக்காகப் போட்ட ரயில்பாதையை, லாபம் பார்க்காதவங்கதான் காப்பாத்தியிருக்காங்க.