படுகளம்: ஊரே களமாகும் பாரதக் கூத்து

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் கோடைக்காலத்தில் அக்னி வசந்த விழா நடக்கிறது. பாரதக் கதை அங்கே மூன்று இடங்களில் மூன்று விதமாக வருகிறது. பிற்பகலில் கோயிலருகே பிரசங்கியார் பாட்டும் உரையுமாகப் பாரதம் படிக்கிறார். இரவில் அதே கதை தெருக்கூத்தாகிறது. சில கட்டங்களை மட்டும் கூத்து மேடையில் முடிக்க முடியாது. அவற்றுக்கு வயலும் தெருவும் பனைமரமும் வேண்டும்.

பிரசங்கத்துக்கு அடிப்படை பெரும்பாலும் வில்லிபுத்தூரார் பாரதம். அவர் சனியூரில் பிறந்தவர் என்றும், வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பாடினார் என்றும் மரபு கூறும். இரண்டு ஊர்களும் திருமுனைப்பாடி நாட்டில் வைத்துச் சொல்லப்படுபவை. ஆக, அந்த நூல் இந்த வட்டாரத்துக்கு அயலானதல்ல. பத்துப் பருவங்களில், போர் முடிவோடு அது நின்றுவிடுகிறது. விழாவும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

களத்தில் நடப்பவற்றில் முதலில் சொல்ல வேண்டியது பகாசூரன் வதம். சோறு ஏற்றிய வண்டி ஊரைச் சுற்றி வர, வீட்டு வாசல்களே கதையின் ஏகசக்கரம் ஆகின்றன. அர்ச்சுனன் தபசுக்கு உயரமான பனங்கம்பம் நடுவார்கள். வேடதாரி பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். அவர்களைப் பார்வையாளர்கள் என்று சொல்வது பொருந்தாது. அவர்கள் இல்லாவிட்டால் தபசு வெறும் மரமேற்றம்.

விழாவின் உச்சம் படுகளம். திறந்த வெளியில் துரியோதனனை மல்லாந்து கிடக்கும் பேருருவாக மண்ணால் வனைந்து வண்ணம் பூசுவார்கள். இரவு முழுதும் ஆடிய பதினெட்டாம் போர் விடிந்ததும் இந்த மண்ணுடம்பைச் சுற்றித் தொடரும். பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு ஓட, கூட்டமும் சேர்ந்து ஓடும். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே வைத்திருக்கும் செந்நீர் வெளிப்படும்; அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜகீர்த்தியும், மத்தளமும் முகவீணையும் எந்த மேடைக்கும் போய்ச் சேரும். அந்த மண்ணுடம்பு போகாது.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் ஆதி இடமாகக் கொள்ளும் மரபு உண்டு. அசுரனை அழிக்கத் திரௌபதி செஞ்சியில் மீண்டும் தோன்றினாள் என்பது அதன் கதை. அவளுக்குக் காவல் நிற்பவர்களில் போத்துராஜாவுடன் முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் இருப்பது, இந்த மண்ணின் வரலாறு புராணத்துக்குள் புகுந்த இடம். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இவற்றை ஆராய்ந்து எழுதிய திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1988இலும், இரண்டாம் தொகுதியை 1991இலும் வெளியிட்டது. முதல் தொகுதியின் துணைத்தலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்பதுதான். வயலில் நடந்தது இப்படிப் பல்கலைக்கழக நூலகங்களின் அலமாரிக்குப் போனது.

கூவாகத்தில் இதே பாரதம் வேறு உருக்கொள்கிறது. அரவான் களப்பலியை ஒட்டிச் சித்திரையில் திருநங்கைகள், அங்கே கூத்தாண்டவர் எனப்படும் அந்த அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுக்கிறார்கள். 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது அவ்வூர் அதனுடன் போனது. விழாவையொட்டிய அழகிப் போட்டிகளும் கூட்டங்களும் விழுப்புரம் நகரில் தொடர்கின்றன.

களம் யாருடையது என்ற கேள்வியும் பழையது. விழுப்புரம் அருகே மேல்பாதி தர்மராஜா திரௌபதியம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த மோதலை அடுத்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தனர். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்காக மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில் காவல்துறைப் பாதுகாப்புடன் தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர்.