ப்ரூஃப்

மதுவின் வீரியத்தைக் குறிக்க பிரிட்டனில் நெடுங்காலம் வழங்கிய சொல். 'சோதித்துப் பார்' எனும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. சாராயம் நனைத்த வெடிமருந்து தீப்பற்றினால் சரக்கு தேறியது என்பார்கள். கதை சுவையானதுதான், வரி வசூலுக்குப் போதவில்லை. 1816இல் மதுவின் வீரியத்தை அளக்கும் சைக்ஸ் திரவமானியைச் சட்டம் ஏற்றது. அந்த அளவையில் 100 ப்ரூஃப் என்பது ஏறத்தாழ 57 சதவீத ஆல்கஹால்.

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் வடிக்கப்படும் கிளென்ஃபார்க்ளாஸ் 105 விஸ்கி இன்னும் அந்தப் பழைய கணக்கைப் பெயரில் சுமக்கிறது: 60 சதவீதம். பீப்பாய் வீரியத்துச் சிங்கிள் மால்ட் என்பதால் அவசரப்பட்டு விழுங்கினால் காரம் மட்டுமே மிஞ்சும். சில துளி தண்ணீர் விட்டு, சற்றுப் பொறுத்து முகர வேண்டும். ஷெர்ரிப் பீப்பாய் தந்த உலர்திராட்சை மணம் அப்போதுதான் பிடிபடும்.

அமெரிக்கப் புட்டியில் இதே சொல் இருந்தால் எண்ணைப் பாதியாக்கிக்கொள்க. அங்கே 100 என்றால் 50 சதவீதம்தான்.