மண் குவளையும் 114 விக்கெட்டும்

ஏழைப் பையன் பந்தைத் தொட்டான், உழைத்தான், ஜெயித்தான், ஊரே கொண்டாடியது. பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. அதில் வறுமை வரும்; சாதி வராது.

பல்வங்கர் பாலுவை எடுத்துக்கொள்வோம். 1876இல் தார்வாடில் சமார் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரன் கிளப்பில் ஆடுகளத்தைச் சமன்படுத்தும் கூலிவேலை. துரைமார் மட்டை பிடித்துப் பழக மணிக்கணக்காய்ப் பந்து போட்டார். இடதுகைச் சுழல் கைவந்தது. சாதி இந்துக்களின் அணிக்கு அவர் பந்து வேண்டியிருந்தது, அவர் வேண்டியிருக்கவில்லை. அவர் தொட்ட பந்தை மைதானத்தில் தொட்டவர்கள், தேநீர் நேரத்தில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் ஊற்றினார்கள். தொட்டா தீட்டு பந்துக்குக் கிடையாது போல!

1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அப்புறமும் முறையான கேப்டன் பதவி கடைசிவரை இல்லை. 1920இல் அண்ணனை அணியிலிருந்து ஒதுக்கியபோது, தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினார்கள். 1923இல் விட்டல் கேப்டனானார். திறமை மட்டும் வாங்கித் தரவில்லை. மறுப்பும் சேர்ந்தே வாங்கியது.

தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போவதை எதிர்த்து நின்ற நம்ம சனத்தின் பிள்ளைகளுக்கு, உழைத்தால் உயரலாம் என்கிற பாதிக் கதை போதாது. மீதியையும் நாமே எழுதுவோம்.